குட்டைமுடித் தாய்க்கு நீளமுடிக் குட்டி: பூனை ரோமத்தின் நீளத்தை முடிவு செய்வது எது?

வழவழவென்று குட்டை முடியோடு இருக்கும் நாட்டுப் பூனை ஒன்று நான்கு குட்டி போடுகிறது. மூன்று தாயைப் போலவே இருக்கின்றன. நான்காவது மட்டும் இரண்டு மாதத்தில் புசுபுசுவென்று ஆகிவிடுகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பக்கத்துத் தெருவில் ஒரு பெர்சியன் கடுவன் சுத்திக்கிட்டு இருக்கே, அதோட வேலைதான் இது." அடுத்த வாரமே அந்தக் குட்டியை "பெர்சியன்" என்று விலை பேசவும் ஆள் வந்துவிடும்.

இந்த இரண்டுமே பாதி புரிதலில் வருபவை. கடுவன் எவ்வளவு அசல் பெர்சியனாக இருந்தாலும், தாயின் பங்கு இல்லாமல் அந்தக் குட்டிக்கு நீளமுடி வந்திருக்காது. அதேபோல, நீளமுடி இருப்பதால் மட்டும் ஒரு பூனை எந்த இனத்திலும் சேர்ந்துவிடாது. நீளமுடி என்பது ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுதின் விளைவு. அந்தப் பழுது உலகமெங்கும் தெருப்பூனைகளிடம் பரவிக் கிடக்கிறது. பல தலைமுறைகள் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கவும் அதனால் முடியும். பூனை வாங்குகிறவர், வளர்க்கிறவர், இனப்பெருக்கம் செய்கிறவர் மூவருக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. அடிப்படையில் இருந்தே பார்க்கலாம்.

முடி எப்படி வளர்கிறது

ஒவ்வொரு முடியும் தோலில் உள்ள ஒரு மயிர்க்காலில் இருந்து முளைக்கிறது. மயிர்க்கால் ஓயாமல் வேலை செய்வதில்லை. மூன்று கட்டங்கள் மாறி மாறி வருகின்றன.

1. வளரும் கட்டம்: மயிர்க்காலின் அடியில் உள்ள செல்கள் வேகமாகப் பெருகி, முடியை மேல்நோக்கித் தள்ளுகின்றன.
2. சுருங்கும் கட்டம்: செல் பெருக்கம் நிற்கிறது, மயிர்க்காலின் கீழ்ப்பகுதி சுருங்குகிறது. இது குறுகிய காலம்தான்.
3. ஓய்வுக் கட்டம்: முடி வளராமல் அப்படியே நிற்கிறது. பிறகு அடியில் இருந்து புது முடி கிளம்ப, பழையது உதிர்கிறது.

நம் உடம்பிலும் இதே சுழற்சிதான். தலைமுடிக்கு வளரும் கட்டம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. புருவத்துக்குச் சில மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் தலைமுடியை வெட்ட வேண்டியிருக்கிறது, புருவத்தை வெட்ட வேண்டியதில்லை.

ஆக, முடி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதோடு, எவ்வளவு காலம் வளர்கிறது என்பதும் சேர்ந்துதான் அதன் நீளத்தை முடிவு செய்கிறது. நீளமுடிப் பூனைக்கும் குட்டைமுடிப் பூனைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டாவதில் இருக்கிறது. நீளமுடிப் பூனையில் வளரும் கட்டம் முடிய நேரம் அதிகமாகிறது.

"போதும்" என்று சொல்லும் புரதம்

வளரும் கட்டத்தை யார் முடித்து வைப்பது? இதற்கு விடை முதலில் எலியிடம் கிடைத்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெயில் மார்ட்டினின் ஆய்வகம், எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து எலிகளை உருவாக்கியது. ஃபைப்ரோபிளாஸ்ட் குரோத் ஃபேக்டர் 5 என்பது அதன் முழுப்பெயர். பெயரில் "வளர்ச்சி" இருப்பதால், அது இல்லாவிட்டால் ஏதோ ஒன்று வளராமல் போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர் எதிர். எலிகள் ஆரோக்கியமாக இருந்தன; முடி மட்டும் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமாக வளர்ந்தது. 1994இல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆய்வகங்களில் வெகுகாலமாகவே இருந்துவந்த "அங்கோரா" என்ற நீளமுடி எலி வகையிலும் இதே மரபணுதான் பழுதாகியிருந்தது.

மயிர்க்காலுக்கு "போதும், நிறுத்து" என்று சொல்லும் புரதம் இது என்பது அப்போது தெளிவானது. வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால் தொட்டி நிரம்பி வழிகிறது அல்லவா? மோட்டார் வேகமாக ஓடியதால் வழியவில்லை. அணைக்க ஆள் இல்லாததால் வழிந்தது. எஃப்.ஜி.எஃப்.5 பழுதான மயிர்க்காலில் நடப்பதும் அதுதான். அதற்காக வளர்ச்சி ஒருபோதும் நிற்காமல் போய்விடுவதும் இல்லை. உடம்பில் வேறு நிறுத்தும் ஏற்பாடுகளும் இருப்பதால், தாமதமாகவாவது வளரும் கட்டம் முடிகிறது. நீளமுடிப் பூனைக்கும் ஓர் எல்லை இருப்பது அதனால்தான்.

எலியைத் தொடர்ந்து நாய், முயல், வெள்ளெலி, கழுதை என்று பல விலங்குகளின் நீளமுடிக்கும் இதே மரபணு காரணம் என்று தெரியவந்தது. மனிதர்களில் இது பழுதானால் கண்ணிமை முடி அசாதாரண நீளத்துக்கு வளர்வதை 2014இல் கண்டறிந்தார்கள். காஷ்மீர் ஆடுகளில் இந்த மரபணுவை வேண்டுமென்றே வெட்டி, இழையின் நீளத்தைக் கூட்டும் முயற்சியும் சீனாவில் நடந்திருக்கிறது.

பூனையில் ஐந்து பழுதுகள்

மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கும் குறிப்பு. ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள். மூன்று மூன்று எழுத்தாக அது வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்தால் புரதம். இந்தக் குறிப்பில் ஏற்படும் எழுத்துப் பிழையைத்தான் சடுதிமாற்றம் என்கிறோம்.

டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். பூனைக்கு அவை 19 ஜோடி. எஃப்.ஜி.எஃப்.5 இருப்பது பி1 என்ற ஜோடியில். ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் குரோமோசோமில் இல்லாததால் ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே விதிதான். ஆரஞ்சு நிறம் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மூவண்ணப் பூனைகள் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன. நீளமுடிக்கு அப்படி எதுவும் கிடையாது.

2007இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த மரபணுவைப் பூனையில் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டன. ஒன்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகக் குழு. இன்னொன்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மரிலின் மெனோட்டி-ரேமண்ட், ஸ்டீபன் ஓ'பிரையன் ஆகியோர் இருந்த குழு. நான்கு வெவ்வேறு பிழைகள் கிடைத்தன. பின்னர் ஐந்தாவது ஒன்றும் சேர்ந்தது. பரிசோதனைக் கூடங்கள் இவற்றை எம்1 முதல் எம்5 வரை பெயரிட்டு அழைக்கின்றன.

1. எம்1: 356ஆம் எழுத்தருகே ஒரு "டி" கூடுதலாக நுழைந்துவிட்டது. அதன் பிறகு வரும் மூன்றெழுத்துப் பிரிப்பு முழுவதும் ஓர் எழுத்து தள்ளிப் போகிறது, புரதம் உருப்படாது. ரேக்டால் இனத்தில் காணப்படுகிறது.
2. எம்2: 406ஆம் எழுத்து "சி"யில் இருந்து "டி" ஆகிவிட்டது. அந்த இடத்தில் "இத்தோடு முடித்துவிடு" என்ற கட்டளை உருவாகிவிடுவதால் புரதம் பாதியில் அறுந்துபோகிறது. நார்வேஜியன் ஃபாரஸ்ட் இனத்தில்.
3. எம்3: 474ஆம் எழுத்து விடுபட்டுப் போனது. எம்1 போலவே வாசிப்பு குழம்புகிறது. ரேக்டால், மெயின் கூன் இனங்களில்.
4. எம்4: 475ஆம் எழுத்து "ஏ"யில் இருந்து "சி" ஆகிவிட்டது. புரதத்தின் 159ஆம் இடத்தில் திரியோனின் வர வேண்டிய இடத்தில் புரோலின் வந்து உட்காருகிறது.
5. எம்5: மெயின் கூன் பூனைகளில் பிற்பாடு கண்டறியப்பட்டது.

இவற்றில் எம்4தான் எங்கும் பரவியது. பெர்சியனில் இருப்பதும் அதுதான், துருக்கிய அங்கோராவில் இருப்பதும் அதுதான், இனம் சொல்ல முடியாத நீளமுடித் தெருப்பூனைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதுதான். அது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பிழையும்கூட. எம்1, எம்2, எம்3 மூன்றும் புரதத்தையே சிதைத்துவிடுகின்றன. எம்4 அப்படிச் செய்வதில்லை; புரதம் முழு நீளத்துக்கு உருவாகிறது, ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் வேறு. ஆனால் புரோலின், புரதச் சங்கிலியை வளைத்து இறுக்கிவிடும் தன்மை கொண்டது. தவறான இடத்தில் அது வந்தால் புரதம் சரியான வடிவத்தில் மடியாது. வடிவம் கெட்டால் வேலையும் கெடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் வாழும் புசுபுசுப் பூனைகளில் பெரும்பாலானவற்றின் தோற்றத்துக்குப் பின்னால் இருப்பது இந்த ஓர் எழுத்து.

பிழைகள் இத்தனை இருப்பதில் இருந்து ஒரு முடிவுக்கு வரலாம். நீளமுடி ஒரே மூதாதையிடம் இருந்து வந்ததல்ல. வெவ்வேறு பூனைகளில், வெவ்வேறு முறை, தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி, பாரசீகத்தின் கொராசான் பகுதியில் பார்த்த நீளமுடிப் பூனைகளைப் பற்றி எழுதினார். அங்காராவில் இருந்தும் ஐரோப்பாவுக்கு இப்படிப்பட்ட பூனைகள் போயின. அடுத்த நூற்றாண்டில் இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பல்லாஸ், மத்திய ஆசியப் புல்வெளிகளில் வாழும் அடர்ரோமக் காட்டுப் பூனையான மனுல்தான் இவற்றின் மூதாதையாக இருக்கலாம் என்று கருதினார். அந்தக் கருத்து வெகுகாலம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இன்று டி.என்.ஏ. சான்றுகள் அதை மறுத்துவிட்டன. உலகின் எல்லா வீட்டுப் பூனைகளும் ஆஃப்ரிக்க-மேற்காசியக் காட்டுப் பூனையின் வழிவந்தவை. அந்தக் காட்டுப் பூனைக்குக் குட்டைமுடிதான். நீளமுடி வெளியே இருந்து கலந்ததில்லை. வீட்டுப் பூனைக்குள்ளேயே பிறந்தது.

ஏன் ஒளிந்திருக்க முடிகிறது

ஒவ்வொரு பூனைக்கும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கும்: ஒன்று தாயிடம் இருந்து, ஒன்று தந்தையிடம் இருந்து. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது நல்லதாக இருந்தால், "நிறுத்து" என்று சொல்லத் தேவையான புரதம் கிடைத்துவிடும். முடி குட்டையாகவே இருக்கும். இரண்டு பிரதியும் பழுதானால்தான் முடி நீளும். இப்படி இரண்டு பிரதியும் சேர்ந்தால் மட்டும் வெளிப்படுவதை ஒடுங்கு பண்பு என்கிறோம். ஒரு பிரதி போதும் என்றால் அது ஓங்கு பண்பு. நீளமுடி ஒடுங்கு பண்பு.

நல்ல பிரதியை "கு" என்றும், பழுதான பிரதியை "நீ" என்றும் வைத்துக்கொள்வோம். கு-கு பூனைக்குக் குட்டைமுடி. நீ-நீ பூனைக்கு நீளமுடி. கு-நீ பூனைக்கும் குட்டைமுடிதான். ஆனால் அது பழுதைச் சுமந்துகொண்டிருக்கிறது. பார்வையில் கு-கு பூனையையும் கு-நீ பூனையையும் பிரித்துச் சொல்ல முடியாது. இவை சேரும்போது என்ன நடக்கும்?

1. கு-கு பூனையும் நீ-நீ பூனையும் சேர்ந்தால்: எல்லாக் குட்டியும் குட்டைமுடி, எல்லாமே பழுதைச் சுமப்பவை.
2. கு-கு பூனையும் கு-நீ பூனையும்: எல்லாம் குட்டைமுடி; பாதிக்குப் பாதி சுமப்பவை.
3. கு-நீ, கு-நீ: ஒவ்வொரு குட்டிக்கும் நீளமுடி வர 25 சதவீத வாய்ப்பு.
4. கு-நீ, நீ-நீ: ஒவ்வொரு குட்டிக்கும் 50 சதவீத வாய்ப்பு.
5. நீ-நீ, நீ-நீ: எல்லாம் நீளமுடி.

சதவீதத்தை அப்படியே எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது வகைச் சேர்க்கையில் நான்கு குட்டி பிறந்தால் கட்டாயம் ஒன்று நீளமுடியாக இருக்கும் என்று பொருளில்லை. நான்கில் ஒன்றுகூட நீளமுடியாக இல்லாமல் போக ஏறத்தாழ 32 சதவீத வாய்ப்பு இருக்கிறது. "போன ஈற்றில் ஒன்றும் வரவில்லையே, இந்தப் பூனையிடம் அந்தப் பழுது இல்லை" என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறாகிறது.

ஒரு குட்டி சொல்லும் சாட்சி

இப்போது தொடக்கத்தில் சொன்ன நாட்டுப் பூனையிடம் வரலாம். அதற்கு நீளமுடிக் குட்டி ஒன்று பிறந்துவிட்டது. அந்தக் குட்டி நீ-நீ. ஒரு "நீ" தந்தையிடம் இருந்து வந்தது. இன்னொரு "நீ" வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது, தாயிடம் இருந்துதான். ஆக அந்தத் தாய் கு-நீ என்பது உறுதி. பரிசோதனையே தேவையில்லை.

அது கு-கு பூனையாக இருந்திருந்தால், அசல் பெர்சியன் கடுவனோடு சேர்ந்தாலும் பிறப்பவை அத்தனையும் குட்டைமுடியாகவே இருந்திருக்கும். தந்தையும் நீளமுடியாக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழுதைச் சுமக்கும் சாதாரணக் குட்டைமுடிக் கடுவனே போதும். பெர்சியன் வாடையே இல்லாத ஒரு கிராமத்தில்கூட இரண்டு குட்டைமுடிப் பூனைகளுக்கு நீளமுடிக் குட்டி பிறக்கலாம்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் பூனை ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேரும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு தந்தைகள் இருப்பது சாதாரணம். அதனால் நீளமுடிக் குட்டியின் தந்தைதான் மற்ற மூன்றுக்கும் தந்தை என்று சொல்ல முடியாது. தாயைப் பற்றிச் சொன்னது மட்டும் மாறாது.

பிறந்தவுடன் எல்லாக் குட்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில வாரங்களில் வித்தியாசம் துலங்கத் தொடங்கும். கால்விரல்களுக்கு இடையே நீட்டிக்கொண்டு நிற்கும் குஞ்சம், காதுக்குள் இருந்து வெளியே எட்டிப்பார்க்கும் முடி, வால் அடியில் பருமனாவது ஆகியவற்றைப் பார்த்தால் முதுகு முடி நீள்வதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். முழு ரோமம் நிறைய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

ஒளிந்திருப்பவை எத்தனை இருக்கும்? ஒரு கணக்குக்காக, ஓர் ஊரில் உள்ள பூனைகளின் பிரதிகளில் பத்தில் ஒன்று பழுதானது என்று வைத்துக்கொள்வோம். இணை சேர்வது தற்செயலாக நடந்தால், நீளமுடிப் பூனை நூற்றுக்கு 1தான் இருக்கும். ஆனால் பழுதைச் சுமக்கும் குட்டைமுடிப் பூனைகள் நூற்றுக்கு 18. கண்ணில் படும் ஒன்றுக்குப் பின்னால் கண்ணில் படாத பதினெட்டு. இந்தப் பண்பு அழியாமல் இருப்பதற்கும், யாரும் எதிர்பாராத நேரத்தில் தலைகாட்டுவதற்கும் இதுதான் காரணம்.

இனப்பெருக்கம் செய்பவர்களைத் தடுமாற வைத்த பண்பு

அங்கீகரிக்கப்பட்ட இனங்களிலும் இதே கதைதான். குட்டைமுடிக்குப் பெயர் போன அபிசீனியன் இனத்தில் இடையிடையே நீளமுடிக் குட்டிகள் பிறந்தன. வெகுகாலம் அவற்றைக் குறையாக நினைத்து ஒதுக்கிவைத்தார்கள். பிறகு அமெரிக்காவில் அவற்றையே தனியாக வளர்த்தெடுத்தபோது சோமாலி என்ற இனம் உருவானது. குட்டைமுடிச் சியாமீஸ் இனத்தில் இருந்து நீளமுடிப் பலினீஸ் இனம் வந்ததும் இப்படித்தான்.

பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனத்தின் வழி வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த இனத்தில் பூனைகள் மிகக் குறைந்துபோனதால் பெர்சியனோடு கலந்தார்கள். அப்போது உள்ளே போன "நீ" பிரதி இன்றும் வெளியே வருகிறது. எக்ஸாடிக் ஷார்ட்ஹேர் என்பது பெர்சியனின் முகமும் குட்டைமுடியும் வேண்டும் என்று திட்டமிட்டு உருவாக்கிய இனம். பெர்சியனோடு தொடர்ந்து சேர்த்து வந்ததால் அதில் கு-நீ பூனைகள் ஏராளம். இரண்டு எக்ஸாடிக் பூனைகளுக்கு நீளமுடிக் குட்டி பிறப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நார்வேஜியனின் எம்2 பிரதி ஒன்றும் பெர்சியனின் எம்4 பிரதி ஒன்றும் ஒரே குட்டிக்கு வந்தால் என்ன ஆகும்? இரண்டும் வேறு வேறு பிழைகள்தானே? குட்டிக்கு நீளமுடிதான். இரண்டும் ஒரே மரபணுவைக் கெடுப்பதால், நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் சுருள்முடிப் பூனைகளிடம் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1950இல் ஒரு சுருள்முடிக் குட்டி பிறந்தது. அதில் இருந்து கார்னிஷ் ரெக்ஸ் இனம் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்துப் பக்கத்து டெவன் பகுதியில் இன்னொரு சுருள்முடிப் பூனை கிடைத்தது. இரண்டும் ஒரே பண்பு என்று நினைத்துச் சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் அத்தனைக்கும் நேரான சாதாரண முடி. ஒன்றில் கெட்டிருந்த மரபணு மற்றதில் நன்றாக இருந்ததால் குட்டிகளுக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிட்டது. டி.என்.ஏ. வாசிப்பு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, வெறும் இணைசேர்க்கையை வைத்து இவை இரண்டு வேறு மரபணுக்கள் என்று தெரிந்துகொண்டார்கள். இன்று அவற்றின் பெயரும் தெரியும்: கார்னிஷுக்கு எல்.பி.ஏ.ஆர்.6, டெவனுக்கு கே.ஆர்.டி.71. முடியில்லாத ஸ்ஃபின்க்ஸ் பூனையில் மாறியிருப்பதும் கே.ஆர்.டி.71தான். முடியின் அமைப்பைத் தீர்மானிக்கும் இந்த மரபணுக்கள் வேறு, நீளத்தைத் தீர்மானிக்கும் எஃப்.ஜி.எஃப்.5 வேறு.

நீளமுடி என்றால் பெர்சியனா?

நம் ஊர் விற்பனையில் "டால் ஃபேஸ்", "செமி பஞ்ச்", "பஞ்ச் ஃபேஸ்", "டபுள் கோட்", "ட்ரிபிள் கோட்" என்று வகை பிரித்து விலை சொல்கிறார்கள். முதல் மூன்றும் முகத்தின் தட்டையான அளவைப் பற்றியவை. கடைசி இரண்டும் ரோமத்தைப் பற்றியவை. அவற்றைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சாதாரணப் பூனையின் உடம்பிலேயே மூன்று வகை முடிகள் உண்டு. மேலே நேராக நிற்கும் தடித்த முடி. அதற்குக் கீழே நுனி மட்டும் தடித்த இடைமுடி. தோலை ஒட்டி மெல்லியதாக அடர்ந்திருக்கும் அடிமுடி. தெருவில் திரியும் குட்டைமுடிப் பூனைக்கும் இந்த மூன்றும் இருக்கின்றன. "ட்ரிபிள் கோட்" என்று தனி மரபணுவோ தனி இனமோ கிடையாது.

ஒரே எம்4 பிழையைச் சுமக்கும் நீளமுடிப் பூனைகளின் ரோமங்கள் ஒன்றுபோல இல்லை என்பது உண்மைதான். பெர்சியனில் அடிமுடி மேல்முடிக்கு நெருக்கமான நீளம் வளர்ந்து அடர்ந்திருக்கிறது. துருக்கிய அங்கோராவில் அடிமுடி மிகக் குறைவு; அதனால் பட்டாகப் படிந்து விழுகிறது. எஃப்.ஜி.எஃப்.5 நீளமா, குட்டையா என்று மட்டுமே முடிவு செய்கிறது. எவ்வளவு நீளம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு மென்மை என்பவை, வேறு பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் சேர்ந்து, பல தலைமுறை தேர்ந்தெடுப்பால் உருவானவை. நாட்டுப் பூனைக்குப் பிறந்த நீளமுடிக் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பெர்சியனைப் போல அடர்ந்து நிற்காததற்கு இதுதான் காரணம். அதைப் பெர்சியன் என்று விற்பது தவறு. அதற்காக அந்தக் குட்டி எந்த விதத்திலும் தாழ்ந்ததும் இல்லை.

பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் மாதிரி போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வகம் உள்ளிட்ட பல இடங்களில் இந்தச் சோதனை செய்கிறார்கள். அறிக்கையில் "என்" என்பது பிழையில்லாத பிரதி.

1. என்/என்: குட்டைமுடி, சோதித்த பிழைகள் எதுவும் இல்லை.
2. என்/எம்4: குட்டைமுடி; ஒரு பழுதைச் சுமக்கிறது.
3. எம்4/எம்4: நீளமுடி.
4. எம்1/எம்4 போன்றவை: பிழை வேறு வேறானாலும் நீளமுடி.

குட்டைமுடி இனத்தை வளர்ப்பவருக்குத்தான் இது அதிகம் பயன்படும். வீட்டில் செல்லமாக வளர்க்கும் பூனைக்கு இந்தச் சோதனைக்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

முடியோடு வருவது, முடியோடு வராதது

முடி நீளமாக இருப்பதால் நேரடியாக வரும் தொல்லைகள் சில உண்டு. சிக்கு விழும், தினமும் சீவிவிட வேண்டும். நக்கும்போது முடி அதிகம் வயிற்றுக்குள் போகும். படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று பெர்சியன் பூனைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. நம் ஊரின் ஈரப்பதமான மாதங்களில் தோலைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒவ்வாமைக்கும் முடி நீளத்துக்கும் தொடர்பில்லை. ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருந்து வருகிறது. குட்டைமுடிப் பூனையிடமும் அது உண்டு.

முடியோடு சேர்ந்து வருவதாகத் தவறாக நினைக்கப்படுவது சிறுநீரக நோய். பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகி, நடுவயதில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. பி.கே.டி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அதே டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லையன்ஸின் குழு 2004இல் அதன் சடுதிமாற்றத்தைக் கண்டறிந்தது. அந்தக் காலத்தில் உலகப் பெர்சியன் பூனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதைச் சுமந்துகொண்டிருந்தன.

அந்த மரபணு இருப்பது இ3 குரோமோசோமில். முடி நீளத்தின் மரபணு பி1இல். இரண்டும் தனித்தனியாகக் குட்டிகளுக்குப் போகின்றன. அதைவிட முக்கியம், பி.கே.டி. ஓங்கு பண்பு, ஒரே ஒரு பழுதான பிரதி போதும். பி.கே.டி. உள்ள பெர்சியன் கடுவன் ஒன்று, கு-கு நாட்டுப் பூனையோடு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் குட்டிகள் எல்லாம் குட்டைமுடி. பெர்சியன் அடையாளமே தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அந்த நோய் வர 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மறுபக்கம், பெர்சியன் கலப்பே இல்லாத இரண்டு கு-நீ தெருப்பூனைகளுக்குப் பிறந்த புசுபுசுக் குட்டிக்கு, முடி நீளமாக இருப்பதாலேயே இந்த நோய் வரும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

ஆகவே பெர்சியன் குட்டி வாங்குகிறவர்கள் "எத்தனை கோட்" என்று கேட்பதைவிட, தாய் தந்தை இரண்டுக்கும் பி.கே.டி. சோதனை செய்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்கலாம். அறிக்கை இல்லாமல் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அதே கன்னத்து மாதிரியில் டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ளலாம், அல்லது பூனைக்கு 10 மாதம் கடந்த பிறகு கால்நடை மருத்துவரிடம் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கலாம். முடிவு தெரியும்வரை அந்தப் பூனையை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பது நல்லது.